ஒப்பீட்டுக்கு எடுத்த மண்

மார்ச் 3

கண்ணாடிக்காரிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. லாரி ஓட்டுகிறவன் கையெழுத்து குலுங்கித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

நான் சரக்கேற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்த நான்கு நாளில் நீ வீட்டுக்கு வந்து போயிருக்கிறாய். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவள் வந்தாளே என்று சந்தோஷப்படலாம் என்றால், நீ வந்தது எங்களைப் பார்க்க இல்லையாம். கொல்லையில் ஐந்து இடத்தில் இரும்புக் குழாயை இறக்கி, மண்ணை எடுத்துக் குப்பியில் போட்டு, சீட்டு ஒட்டி, ஏதோ வைரம் மாதிரி பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போனாயாம். உன் அண்ணி கொடுத்த தேநீரைக்கூட நின்றுகொண்டே குடித்தாயாம். நம் தம்பி சின்னவன்தான் உனக்கு வாளி பிடித்தானாம். நான் வாசலில் கால் வைத்ததுமே சொல்லிவிட்டான்: "அக்கா வந்தாங்க. மண்ணுக்கு ஊசி போட்டாங்க."

நீ தோண்டின ஒரு குழியில் என் பாப்பா அவரை விதையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். உங்கள் நிறுவனத்தின் அனுமதி வேண்டுமோ என்னவோ.

பழைய ஈய ஆலை இருந்த இடத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியிருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மண்ணைச் சோதிக்க ஒரு பணம், சுத்தம் செய்ய ஒரு பணம், அப்புறம் வீடும் பூங்காவும் வருமாம். மண் அள்ளிப் போகும் லாரிக்கு என் பெயரையும் கொடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் சரி. ஆலையைச் சோதிக்க வந்தவளுக்கு, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற என் கொல்லையில் என்ன வேலை?

போனில் கேட்க மாட்டேன். அப்பா போய் மூன்றாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "நீங்க அடிச்சு அடிச்சுத்தான் சின்னவன் மக்காப் போனான்" என்று சொன்னாயே, அன்றோடு உன்னிடம் போனில் பேசுவதை விட்டேன். போனில் எனக்கு வார்த்தை முந்திக்கொள்ளும். கடிதம் என்றால் ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். இதையும் படித்துப் பார்த்தேன். இரண்டு வரியை அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதே.

அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று தெரிந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

நீங்கள் ஊரில் இல்லாத நாளைப் பார்த்துத்தான் வந்தேன். பயம்தான், வேறென்ன. அண்ணியிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் குழாயை இறக்கினேன். அவர்களைத் திட்டாதீர்கள்.

ஏன் உங்கள் கொல்லை என்றால், ஒரு இடத்து மண் கெட்டுப்போனது என்று நான் சும்மா சொல்ல முடியாது. எந்த மண்ணிலும் கொஞ்சம் ஈயம் இயற்கையாகவே இருக்கும். அதனால் அதே பகுதியில், ஆலையின் கை படாத ஒரு இடத்திலிருந்து நல்ல மண் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஒப்பீட்டு மண் என்போம். அதைவிட இது இத்தனை மடங்கு மோசம் என்று எழுதினால்தான் சுத்தம் செய்யும் பணம் வரும். தெரியாதவர் வீட்டில் போய் உங்கள் கொல்லையைத் தோண்டட்டுமா என்று கேட்டால் நாயை அவிழ்த்து விடுவார்கள். காற்றும் ஆலைப் பக்கம் இருந்து நம் தெருவுக்கு அடிக்காது. நான் விழுந்து எழுந்து முட்டி தேய்த்த மண். அதைவிட நல்ல மண்ணை நான் எங்கே போய்த் தேடுவேன்?

சொந்தக்காரர் வீட்டில் எடுப்பது எங்கள் வேலை முறைக்கு அவ்வளவு சரியில்லைதான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சின்னவன் இளைத்திருக்கிறான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் விரிப்பு மடிக்கிறான் என்று அண்ணி சொன்னார்கள். மடித்துக் காட்டினான். முனை முனையோடு அப்படி ஒட்டி நிற்கிறது. அன்று நான் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்குக் கேட்கவில்லை. அதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

பாப்பாவின் அவரைக்கு அனுமதி உண்டு.

தங்கை


மார்ச் 21

அண்ணா,

நலமா என்று கேட்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

முதலில் இதைச் செய்யுங்கள். பாப்பா கொல்லைக்குப் போகக் கூடாது. கதவைப் பூட்டுங்கள். கொல்லையில் முளைத்த கீரை, தக்காளி எதையும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். செருப்பை வாசலோடு விடுங்கள். தரையைப் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சாப்பிடுவதற்கு முன் பாப்பாவின் கையை, நகத்துக்கு அடியில் எல்லாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாளைக்கே குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் எதற்கு என்றால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

சோதனை முடிவு வந்துவிட்டது. குழந்தைகள் விளையாடும் மண்ணில் இவ்வளவுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று ஒரு அளவு உண்டு. நம் கொல்லையில் அதைப்போல் பதினான்கு மடங்கு.

சீட்டு மாறிவிட்டது என்றுதான் ஆய்வுக்கூடத்தில் முதலில் சொன்னார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். மாறித்தான் இருக்கும், ஆலை மண்ணுக்கு நம் வீட்டுச் சீட்டை ஒட்டிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, மீதி மண்ணை எடுத்து என் கையாலேயே திரும்பச் சோதிக்கக் கொடுத்தேன். திரும்பவும் பதினான்கு. ஆலை மதிலுக்கு உள்ளே பதினாறு இடத்தில் எடுத்தோம். உலைக்குப் பக்கத்தில் எடுத்த மிக மோசமான மண்ணே ஒன்பது மடங்குதான். புரிகிறதா அண்ணா? ஈய ஆலையைவிட நம் வீடு மோசம். 

மேலாளரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு மண்ணைத் தூக்கிப் போட்டுட்டு வேற எங்கயாவது எடுத்துட்டு வாங்க. ஒப்பீட்டு மண்ணே இவ்வளவு மோசம்னா ஆலை மண்ணு சுத்தம்னு ஆயிடும். அப்புறம் எவன் பணம் கொடுப்பான்?" என்றார். அவர் சொன்னதில் கணக்குத் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழாயில் ஒரு சாண் ஆழத்தில் கறுப்பாக, கண்ணாடித் தூள் போல ஒன்று வந்தது. அன்று அதைக் கரித்தூள் என்று நினைத்தேன். அது என்ன? அதை அங்கே யார் போட்டார்கள்?

தங்கை


மார்ச் 25

தங்கச்சி,

நான் போட்டேன்.

வேறு யார் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாய்? ஆலையில் லாரி ஓட்டியவன் நான். அது உலைமணல், ஈயம் உருக்கினபின் உலையில் மிஞ்சுகிற கழிவு. நீ அந்த வருஷம் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. மழை என்றால் அப்படி ஒரு மழை. கொல்லை பள்ளம் என்பதால் தண்ணீர் நேரே வீட்டுக்குள்தான் வரும். அம்மா அடுப்பை மேஜைமேல் தூக்கி வைத்துச் சமைத்தாள். எனக்கு இருபது வயசு, ஆலையில் சேர்ந்து ஆறு மாசம். உலைக்குப் பின்னால் கழிவு மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. கண்காணிப்பாளரிடம் கேட்டேன். "தாராளமா எடுத்துட்டுப் போப்பா. எனக்கு இடம் காலியானாப் போதும்" என்றார்.

மூன்று லோடு கொண்டுவந்து கொட்டினேன். மேலே செம்மண் ஒரு லோடு. அப்பா என்னைத் தட்டிக் கொடுத்த ஒரே நாள் அதுதான். அடுத்த மழைக்குச் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. செம்மண் போடாத ஓரத்தில் களைகூட முளைக்கவில்லை. களை முளைக்காதது எவ்வளவு வசதி என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். ஒரு புல் பூண்டு முளைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா? ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே.

அப்புறம் தெருவே வந்து நின்றது. "தம்பி, எங்க வீட்டுக்கும் ஒரு லோடு." ஆலையும் சந்தோஷமாக அனுப்பியது. ஓசி மணல், வண்டியும் ஓசி, டீசலும் ஆலையுடையது. எந்த வீட்டுக்குள் போனாலும் எனக்கு நாற்காலி போட்டார்கள். எத்தனை வீடு என்று கேட்காதே.

நீ எழுதினதை எல்லாம் செய்தாகிவிட்டது. கதவைப் பூட்டியதும் பாப்பா ஒப்பாரி வைத்தாள், அவரை முளைத்துவிட்டதாம். ரத்தம் எடுத்த நர்ஸைக் கடித்துவிட்டாள். முடிவு அடுத்த வாரம்.

நீ எங்கேயோ தப்புப் பண்ணியிருப்பாய். குப்பி சுத்தமாக இருந்ததா என்று பார். உன் மேலாளர் சொன்னபடி வேறு மண் எடுத்துக்கொள், அவர் அனுபவசாலி. நம் கொல்லையை நானே தோண்டி எங்காவது கொட்டிவிடுகிறேன். இது நம் வீட்டோடு இருக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

குப்பி சுத்தமாகத்தான் இருந்தது.

கொல்லையை நீங்கள் தொடக் கூடாது. கிளறினால் தூசி வீட்டுக்குள் வரும். எங்காவது கொட்டுவேன் என்கிறீர்களே, அந்த எங்காவதில் யார் குடியிருப்பார்கள்? ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தான் ஆனது.

எத்தனை வீடு என்று நான் கேட்கவே இல்லை. நம் வீட்டைத் தாண்டி வேறு வீடு இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நீங்களாகத்தான் கேட்காதே என்று எழுதினீர்கள். படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இப்போது கேட்கிறேன். எத்தனை வீடு?

என் வேலையில் முதல் வேலை என்ன தெரியுமா? ஒரு இடத்தைத் தோண்டும் முன், பழைய ஆட்களைத் தேடிப் போய், இங்கே முன்னால் என்ன இருந்தது, யார் என்ன கொட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது. பத்து வருஷமாக ஊர் ஊராக இதைக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். சித்தி வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது கொல்லை ஒரு முழம் உயர்ந்திருந்தது. பார்த்தேன். சாக்கடை கட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உலகத்தையே கேட்டவள் சொந்த வீட்டில் கேட்கவில்லை. குழாயை இறக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பேச்சுவார்த்தை இல்லையே, எப்படிக் கேட்பது?

கவனமாகப் படியுங்கள். இப்போது வருகிற பணம் ஆலையின் மதிலோடு நிற்கிறது. மதிலுக்கு வெளியே ஒரு அடி மண்ணுக்கும் அதைச் செலவழிக்க முடியாது. ஆனால் ஆலையின் கழிவு இன்ன இன்ன இடத்துக்குப் போனது என்று ஆதாரம் காட்டினால் எல்லையை விரித்து வரையலாம். விண்ணப்பம் ஏப்ரல் இருபதாம் தேதி போக வேண்டும். அதற்குப் பிறகு கோடு மாறாது. லாரிப் பதிவேடு ஆலையை மூடும்போதே எரிக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். ஆக, இருக்கிற ஆதாரம் நீங்கள் ஒருவர்தான். எந்த வீட்டுக்கு எத்தனை லோடு என்று எழுதி, ஓட்டியவன் நான்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். படிவம் இதோடு வைத்திருக்கிறேன்.

நம் கொல்லை முடிவை அறிக்கையிலிருந்து எடுக்க மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அது என் அண்ணன் வீடு என்பதையும் சொன்னேன். அவர் முகம் போன போக்கை எழுத இடம் போதாது.

இன்னொன்றும் எழுத வேண்டும். காலையிலிருந்து எழுதி எழுதி அடிக்கிறேன். முதலில் பாப்பாவின் முடிவு வரட்டும்.

தங்கை


ஏப்ரல் 4

தங்கச்சி,

ஐந்துக்குள் இருக்க வேண்டியது, பாப்பாவுக்கு இருபத்தொன்பது.

டாக்டர் அம்மாள் நல்லவர். கத்தவில்லை. மருந்தைவிட மண்ணிலிருந்து விலக்குவதுதான் முக்கியம், சீக்கிரம் பிடித்துவிட்டீர்கள், ஒரு மாசம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். பாப்பாவையும் உன் அண்ணியையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இந்த ஈயம் குழந்தையை என்ன செய்யும் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்னக் குழந்தைங்களுக்கு நேரா மூளையைத்தான் பிடிக்கும். பேச்சு தாமதமாகும். கவனம் நிக்காது. கணக்கு ஏறாது. ஒண்ணு சொன்னா புரிய நேரமாகும். பிள்ளை சோம்பேறி, அடங்க மாட்டேங்குதுன்னு பெத்தவங்க அடிப்பாங்க. பிள்ளை மேல குத்தமே இருக்காது."

சின்னவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாப்பா அவன் மடியில். டாக்டர் பேசுவது எல்லோருக்கும் சேர்த்து என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவர் அதற்கப்புறம் என்ன சொன்னார் என்று உன் அண்ணியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் மணல் கொட்டிய வருஷம் சின்னவனுக்கு மூன்று வயசு. நீ கணக்குப் போட்டுவிட்டாய். என் கடிதம் கிடைத்த அன்றே போட்டிருப்பாய். அதைத்தானே எழுதி எழுதி அடித்தாய்? படித்தவள் இல்லையா, எனக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெரிய வேண்டியிருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். லாரியில் என் பக்கத்தில் அவனை உட்கார வைத்துத்தான் ஒவ்வொரு நடையும் அடித்தேன். அவனுக்கு அது ஒரு சவாரி. கொட்டின குவியல்மேல் ஏறி வழுக்கி விளையாடுவான். ஒரு நாள் வாயெல்லாம் கறுப்பாக வந்து நின்றான். அள்ளித் தின்றிருக்கிறான். நாங்கள் சிரித்தோம். அம்மா, அப்பா, நான், எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் அவன் பள்ளிக்கூடம் போனான். ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை என்று மர ஸ்கேலால் அடித்தேன். இரண்டு ஸ்கேல் உடைந்தது. நீ சொன்னது பொய் என்று இரண்டு வருஷம் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது அது பொய்தான் போலிருக்கிறது. அடித்ததால் அவன் மக்காகவில்லை. நீ சொன்னதாவது நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

பெரியவனாகிவிட்டவனைச் சோதித்தால் தெரியுமா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அன்று உடம்பில் எவ்வளவு இருந்தது என்று இன்று சொல்ல முடியாது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

உன் படிவத்தில் வீடுகளை எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பது வரை எண்ணினேன். பத்தொன்பதாவது தையல்காரர் வீடு. அவர் மகன் மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். என்னால் முடியவில்லை. எனக்கு நாற்காலி போட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறோம். என்னைக் கேட்காதே.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

போங்கள். போய்விட்டு, வீட்டை யாருக்கு வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அவர்களுக்குத் தவழ்கிற குழந்தை இருக்கிறதா என்றும் எழுதுங்கள். தையல்காரர் மகனை அவர் எந்த ஸ்கேலால் அடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே.

இதற்கு மேல் கோபமாக எழுத எனக்கு அருகதை இல்லை.

நீங்கள் அடித்தீர்கள். அவனை முதன்முதலில் மக்கு என்று கூப்பிட்டது நான். அவனுக்கு ஆறு வயசு, எனக்குப் பதினைந்து. பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் பொறுமை போய், பலகையில் "மக்கு" என்று எழுதி அதையே அவனைப் பார்த்து எழுதச் சொன்னேன். எழுதினான். ஒழுங்காக எழுதிய முதல் வார்த்தை அதுதான். கைதட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள்மேல் பழியைப் போட்டபோது என் பழியையும் சேர்த்துத்தான் போட்டேன். அன்று சொன்னதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆம், உங்கள் கடிதம் கிடைத்த அன்றே கணக்குப் போட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதுதான் என் பதிலும். ஒரு தெருவில் இத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்று சொல்லலாம். இந்தப் பிள்ளைக்கு இதனால்தான் ஆனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று எனக்கும் ஆசை வந்தது.

இந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் மண் எடுத்து மறைத்தது தப்பு, அது சரியான தண்டனைதான். ஆனால் நம் கொல்லை முடிவு அறிக்கையில் இருக்கிறது. எடுக்க முடியாதபடி மாநகராட்சிக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் மேலாளரே வரைபடத்தை மாற்றி வரைவதாகச் சொல்லியிருக்கிறார். போடாவிட்டால் ஒரு வீடு, ஒரு கொல்லை, யாரோ கொட்டிய மண் என்று முடிந்துவிடும்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. முழுப்படிவத்தையும் எழுத ஒரு மணி நேரம் போதும்.

தங்கை


ஏப்ரல் 15

தங்கச்சி,

படிவம் இதோடு இருக்கிறது. நம் வீடு போக முப்பத்தேழு வீடு, ஒரு மழலையர் பள்ளி. எந்த வீட்டுக்கு எத்தனை லோடு என்று பக்கத்தில் போட்டிருக்கிறேன். நினைவு சரியில்லாத இடத்தில் அந்த வீட்டுக்காரர்களே சொன்னார்கள்.

ஆமாம், போய்ச் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்த அன்று ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தையல்காரரின் மகன் போனான். "என்ன மாமா லாரி எடுக்கலையா?" என்றான். அவ்வளவுதான். முதலில் படிவத்தை அனுப்பிவிட்டு, நாளைக்கு அதிகாரிகள் போய்க் கதவைத் தட்டும்போது இவர்களுக்குத் தெரியட்டும் என்றால், அது பின்னாலிருந்து குத்துவது மாதிரி. நான் கொட்டியது, நான்தான் சொல்ல வேண்டும்.

துணைக்குச் சின்னவனைக் கூட்டிக்கொண்டேன். இரண்டு நாள் லீவு போட்டான். நோட்டு அவன் கையில். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் உங்க வீட்டுல கொட்டின மணல் விஷம். எனக்கு அப்பத் தெரியாது. பிள்ளைங்களை மண்ணுல விடாதீங்க. ரத்தம் பாருங்க. மூளையைப் பாதிக்கும், படிப்பு ஏறாது, அது பிள்ளைங்க குத்தமில்ல. அரசாங்கப் பணத்துல சுத்தம் பண்ண எழுதிக் கொடுக்கப்போறேன்."

தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனார். மகனை ஏதாவது கேட்கப் போனாரா, சும்மா பார்க்கப் போனாரா தெரியாது. வெகுநேரம் வரவில்லை. இஸ்திரிக்காரம்மா, "பொய் சொல்றே, எங்க வீட்டை மலிவா வாங்க எவனோ அனுப்பியிருக்கான்" என்று கதவைச் சாத்தினார். ஒருவன் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். அவன் மகளுக்கு இரண்டு வயசு. பிடிக்கட்டும் என்று நின்றேன். சின்னவன்தான் அவன் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, "அண்ணாவுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா கொட்டியிருக்க மாட்டாரு" என்றான்.

மழலையர் பள்ளிதான் கடைசி. அங்கே கொட்டியது நாலு லோடு, ஆலையின் அன்பளிப்பு என்று அன்று பலகைகூட வைத்தார்கள். தலைமை ஆசிரியை கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய், நேரமாகும் முன்பே மணி அடித்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். ஒவ்வொரு பிள்ளையாகக் குழாயடியில் நிறுத்தி அவரே கை கழுவி விட்டார். நானும் சின்னவனும் துண்டு பிடித்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும்போது சின்னவன் பேசவில்லை. களைத்துவிட்டான் என்று நினைத்தேன். அவனுக்கு ஒன்று புரிய நேரமாகும் என்பதை மறந்துவிட்டேன். ஒரே பேச்சை முப்பத்தெட்டு வாசலில் கேட்டிருக்கிறான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டான்.

"அண்ணா, நானும் அந்த மணலைத் தின்னேனா?"

"தின்னேடா."

"அப்ப நான் மக்கு இல்லையா?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னது, நீ எழுதியது, எல்லாம் எனக்கு நினைவிருந்தது. "இல்லடா. ஒரு நாளும் இல்ல" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். அழுவான் என்றும் நினைத்தேன். அவன் என்னை நேராகப் பார்த்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"அப்ப எதுக்கு அடிச்சே?"

சட்டையைப் பிடித்தவன் முன்னால் நின்றேன். கதவைச் சாத்தியவர் முன்னாலும் நின்றேன். இவனுக்கு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறான். காலையில் வேலைக்குப் போகும்போதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

போனை எடுத்து வைத்துக்கொண்டு உன் எண்ணைத் தேடினேன். கூப்பிடவில்லை. இதைப் போனில் பேச முடியாது. நீ வா. சின்னவனுக்கு உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டுமாம்.

அண்ணன்